வேலைக்குள் விளையாட்டு

பிளாஸ்டிக் தாள்களை அடுக்கிப் பரப்பி, மேலே டை எனப்படும் வெட்டு அச்சு ஒன்றை வைத்து இயந்திரத்தை இறக்கினால் ஒரு வடிவம் வெட்டுப்படும். டையைச் சற்று நகர்த்தி வைத்து மறுபடியும் இறக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடியே இதைச் செய்ய வேண்டும். டொனால்ட் ராய் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளியாகச் சேர்ந்து செய்த வேலை இது. வேலை நாள் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். கம்பி போட்ட ஜன்னலுக்கு வெளியே ஒரு கிடங்கின் செங்கல் சுவர் மட்டுமே தெரியும். உடன் இருந்தவர்கள் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய, வயதில் மூத்த மூன்று தொழிலாளர்கள். இந்த அனுபவத்தை ராய் 1959-60இல் 'ஹியூமன் ஆர்கனைசேஷன்' இதழில் கட்டுரையாக எழுதினார். தலைப்பு, 'வாழைப்பழ நேரம்'. உழைப்பைப் பற்றிய சமூகவியலில் இன்றுவரை எடுத்தாளப்படும் கட்டுரை அது.

முதல் சில நாள் கடிகாரம் நகரவே இல்லை. இந்த வேலையில் தாக்குப்பிடிக்க முடியாது என்றே ராய்க்குத் தோன்றியது. பிறகு அவர் தனக்குள் ஒரு விளையாட்டை ஏற்படுத்திக்கொண்டார். ஒரு நிறத் தாளில் இத்தனை வடிவங்கள் வெட்டி முடித்தால் அடுத்த நிறத்துக்குப் போகலாம். ஒரு டையில் இவ்வளவு நேரம் உழைத்தால் வேறு டையை எடுக்கலாம். இடையில் வெட்டுக்கட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நிறம் மாறுவதிலும் கட்டை சுரண்டுவதிலும் ஒன்றுமில்லை. ராய்க்கோ அவை எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்குகளாயின.

போகப்போக, அந்த அறை முழுவதுமே ஒரு கூட்டு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தது அவருக்குப் புரிந்தது. காலையில் ஒருவர் தன்னிடமிருந்த பீச் பழங்களைப் பங்கிடுவார். அது 'பீச் நேரம்'. சற்றுப் பொறுத்து இன்னொருவர் அதே ஆளின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வாழைப்பழத்தைத் திருடி, 'வாழைப்பழ நேரம்!' என்று கூவியபடி தின்பார். பறிகொடுத்தவர் சத்தம் போடுவார். மூன்றாமவர் திருடியவரைக் கண்டிப்பார். பழம் கொண்டுவந்தவருக்கு ஒருநாளும் அது கிடைத்ததில்லை, ஆனாலும் மறுநாள் அவர் இன்னொரு பழத்தோடு வந்துவிடுவார். ஜன்னலைத் திறந்து வம்புக்கு இழுக்கும் நேரம், குளிர்பான நேரம், மீன் தின்னும் நேரம் என்று நாள் இப்படியே பிரிந்து கிடந்தது. ஒன்று முடிந்தால் அடுத்ததை எதிர்பார்த்திருக்கலாம்.

ஒருநாள் கேலி எல்லை மீறி, ஒருவர் தம் குடும்பத்தைப் பற்றி வைத்திருந்த பெருமையைத் தொட்டுவிட்டது. பேச்சு முறிந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் அறையில் பழமும் இல்லை, கூச்சலும் இல்லை. இயந்திரமும் வேலை நேரமும் முன்போலவே இருந்தன. ஆனால் அந்த நாட்களில் ராய்க்குக் கால் கடுத்தது, உடல் ஓய்ந்தது, முதல் வாரத்துச் சலிப்பு திரும்பி வந்தது. யாரும் திட்டமிடாமல் நடந்த ஒரு பரிசோதனை அது. விளையாட்டை மட்டும் எடுத்துவிட்டால் அதே வேலை என்ன ஆகும் என்பதை அது காட்டியது.

மனிதர்கள் வேலையிலும் அன்றாடத்திலும் மகிழ்ச்சி காண்பது எப்படி என்ற கேள்விக்கு, பிடித்த வேலையைத் தேடிக்கொள் என்பதே இன்று எங்கும் சொல்லப்படும் பதில். பெரும்பாலோருக்கு அந்தத் தேர்வு வாய்ப்பதில்லை. ஆய்வுகள் காட்டும் வழி வேறு. எந்த வேலையிலும் மனம் லயிப்பதற்கு, அந்த வேலைக்குள் நாமே ஒரு விதியை வகுத்துக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடம் இருந்தால் சலிப்பான வேலையிலும் விளையாட்டு முளைக்கிறது. அது பறிக்கப்பட்டால் விருப்பமான வேலையும் பாரமாகிவிடுகிறது. ஆகவே இது மனநிலை பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடாமல், உரிமை பற்றிய கேள்வியாகவும் ஆகிறது.

ஓவியர்களைக் கவனித்தவர்

லயிப்பைப் பற்றிய அறிவியல் ஆய்வு மிஹாய் சீக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளரிடமிருந்து தொடங்குகிறது. ஹங்கேரியக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் 1934இல் ஃபியூமே நகரில் பிறந்தார். இன்று அது குரோஷியாவின் ரியேகா. இரண்டாம் உலகப் போரில், வேலையும் வீடும் அந்தஸ்தும் போனதும் தான் மதித்த பெரியவர்களில் பலர் நிலைகுலைந்து போனதைச் சிறுவனாகக் கண்டார். சிலர் மட்டும் நிதானம் இழக்கவில்லை. வாழ்க்கையை வாழத் தக்கதாக்குவது எது என்ற கேள்வி அப்போதே அவருக்குள் விழுந்தது. 22 வயதில் அமெரிக்கா சென்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்து, 1965இல் முனைவர் பட்டம் பெற்றார்.

முனைவர் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது சிகாகோ கலைப் பள்ளியின் ஓவிய மாணவர்களை. அவர்கள் பசி, தூக்கம் மறந்து மணிக்கணக்கில் வரைவார்கள். படம் முடிந்ததும் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அடுத்த ஓவியத் துணியை எடுப்பார்கள். முடிந்த படத்தின்மேல் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அது விற்கும், புகழ் தரும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. பரிசுக்காகவோ தண்டனைக்குப் பயந்தோ மனிதர்கள் இயங்குகிறார்கள் என்று அன்றைய உளவியல் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த மாணவர்களோ வரைதலுக்காகவே வரைந்தார்கள்.

இதைத் தொடர்ந்து சதுரங்க ஆட்டக்காரர்கள், மலையேறுபவர்கள், நடனக் கலைஞர்கள், அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் ஆகியோரிடம் விரிவாகப் பேசி 1975இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் துறைகள் வேறாக இருந்தாலும் சொன்னவை ஒத்துப்போயின. அடுத்த கணம் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. செய்தது சரியா தவறா என்பது அப்போதைக்கப்போதே தெரிந்தது. வேலையின் கடினம் அவர்கள் திறமையை முழுவதுமாக இழுத்துப் பிடித்தது, ஆனால் அதை மீறிப் போகவில்லை. இந்த மூன்றும் கூடிவரும்போது காலம் போவது தெரிவதில்லை. தன்னைப் பற்றிய கவலையும் பிறர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் விலகிவிடுகின்றன. தண்ணீர் இழுத்துச் செல்வதுபோல் இருந்தது என்று பலரும் சொன்னதால் இந்த நிலைக்கு 'ஃப்ளோ' என்று பெயரிட்டார்.

திறமையை மீறிய கடினம் பதற்றம் தருகிறது. திறமைக்குக் கீழே உள்ள கடினம் சலிப்புத் தருகிறது. லயிப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கைதேறத் தேற நேற்றைய சவால் இன்று சலிப்பாகிவிடுவதால், லயித்திருக்க விரும்புபவர் வேலையின் கடினத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. அப்படிப் போவதுதான் வளர்ச்சி. லயிப்பு வெறும் இன்பத்திலிருந்து வேறுபடும் இடமும் இதுதான். மலையின் பாதி உயரத்தில் தொங்குபவர் 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று நினைப்பதில்லை, நினைக்க அவருக்கு மனத்தில் இடமும் இல்லை. இறங்கி வந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் மகிழ்ச்சி தெரிகிறது.

நேர்காணலில் மனிதர்கள் நினைவிலிருந்து பேசுகிறார்கள், நினைவு தவறும். எனவே சீக்சென்ட்மிஹாயியும் உடன் ஆய்வாளர்களும் இன்னொரு முறையைக் கையாண்டார்கள். பங்கேற்பவர்களிடம் ஒரு பேஜரைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு, நாளில் எட்டு முறைபோல, எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலித்தவுடன் என்ன செய்துகொண்டிருக்கிறார், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறார் என்பதைப் படிவத்தில் குறிக்க வேண்டும். இந்த முறையில் 78 தொழிலாளர்களையும் அலுவலர்களையும் ஆராய்ந்து, ஜூடித் லெஃபெவ்ருடன் சேர்ந்து 1989இல் வெளியிட்ட முடிவு பலரையும் வியக்க வைத்தது. சவாலும் திறமையும் ஒருங்கே உயர்ந்திருந்த தருணங்கள் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் இருந்தன. ஓய்வு நேரத்தில் அவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்த அளவீடு லயிப்பை நேரடியாக அளக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொருவரின் சொந்தச் சராசரியைவிடச் சவாலும் திறமையும் உயர்ந்திருந்த நேரத்தைத்தான் அது கணக்கிட்டது. லயிப்புக்கான நிலம் எங்கே பதமாக இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். அதை ஒப்புக்கொண்ட பிறகும் முடிவின் முரண் நிற்கிறது. வேலையில் இவ்வளவு ஈடுபட்டிருந்தவர்களே, 'இப்போது வேறு ஏதாவது செய்துகொண்டிருந்தால் நன்றாக இருக்கும்' என்று குறித்தார்கள். ஓய்வில் மந்தமாக இருந்தவர்களோ அந்த ஓய்வு நீடிக்க வேண்டும் என்று விரும்பினார்கள். வேலை என்றால் பிறருக்காகக் கட்டாயத்தில் செய்வது என்ற எண்ணம், உடலும் மனமும் அந்தக் கணத்தில் அனுபவிப்பதையே மறைத்துவிடுகிறது. அந்த எண்ணம் வெறும் மாயை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பெரும்பாலோருக்கு வேலையின் நேரத்தையும் வேகத்தையும் நிர்ணயிப்பவர் வேறொருவர்தானே.

தானே வகுத்த விதி

விளையாட்டைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர்களில் முதன்மையானவர் டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹாய்சிங்கா. 1938இல் வெளிவந்த 'ஹோமோ லூடென்ஸ்' நூலில், சட்டம், கவிதை, சடங்கு, தத்துவம் எல்லாவற்றிலும் விளையாட்டின் கூறுகள் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். விளையாட்டு விருப்பத்தோடு நுழைவது. அதற்கென்று ஓர் இடமும் நேரமும் உண்டு. அதற்குள் கறாரான விதிகள் உண்டு. அந்த விதிகளைத் தளர்த்தினால் விளையாட்டே கலைந்துவிடும். பொறுப்பின்மையை விளையாட்டுத்தனம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நொண்டி ஆடும் சிறுமி கோட்டை மிதித்துவிட்டாளா இல்லையா என்பதில் காட்டும் கண்டிப்பை எந்த அதிகாரியும் தன் அலுவலகத்தில் காட்டுவதில்லை.

அந்தக் கண்டிப்பு அவளுக்குச் சுமையாக இல்லாததற்குக் காரணம், விதியை அவளும் தோழிகளும் ஏற்றுக்கொண்டார்கள், வேண்டுமானால் மாற்றவும் செய்வார்கள் என்பதே. சீக்சென்ட்மிஹாயியின் 1990ஆம் ஆண்டு நூலில் வரும் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அசெம்ப்ளி லைனில் அவருடைய வேலைக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 43 நொடி. ஒரே அசைவுகளை நாளில் ஏறக்குறைய 600 முறை செய்ய வேண்டும். அவர் ஓட்டப் பந்தய வீரரைப்போலத் தன்னைப் பயிற்றுவித்துக்கொண்டார். கருவிகளை எங்கே வைப்பது, எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்று யோசித்து யோசித்துத் திருத்தினார். ஐந்து ஆண்டுகளில் அவருடைய மிகச் சிறந்த நாளின் சராசரி 28 நொடிக்கு வந்தது. நிறுவனம் அவரிடம் அந்த வேகத்தைக் கேட்கவில்லை. 28 நொடி என்ற இலக்கு அவருடையது.

எமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதிய ஆய்வில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். ஒரே பணி, ஒரே ஊதியம் என்றாலும் இரு வகையினர். ஒரு பிரிவினர் சொன்ன வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசினார்கள், வார்டின் போக்கைப் பார்த்துத் தங்கள் வேலையின் நேரத்தை அமைத்தார்கள், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்தார்கள். வேலைப் பட்டியலில் இல்லாத விதிகளை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். வேலையில் நிறைவு கண்டவர்கள் இவர்களே. தொழிற்சாலைத் தொழிலாளி வேகத்தையும் துப்புரவுப் பணியாளர் பரிவையும் விதியாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலும் விதியைச் சேர்த்தது வேலை செய்பவரின் கை.

வாசலும் வயலும்

லயிப்புக்கான மூன்று நிபந்தனைகளும் அன்றாடத்தில் ஒருசேர அமைந்திருப்பதைத் தமிழ்நாட்டு வாசல்களில் காணலாம். விடிவதற்கு முன் வாசல் தெளித்துப் பெருக்கிய ஈரத் தரையில், ஒரு பெண் இடுப்பை வளைத்துக் குனிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கோலமாவை எடுத்துப் புள்ளி வைக்கிறாள். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எத்தனையில் தொடங்கி எத்தனையில் முடிப்பது என்பது முதலிலேயே தீர்மானமாகிவிடும். சிக்குக் கோலமானால் கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு போய், தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும், ஒரு வளைவு தவறான பக்கம் திரும்பினாலும் கோலம் முடியாது. தவறு எங்கே என்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, தரையே சொல்லிவிடும். நேற்று ஏழு புள்ளி கைவந்தவள் மார்கழியில் பதினைந்துக்குப் போகிறாள். இலக்கும் உடனடிப் பதிலும் வளரும் சவாலும் அந்த நாலடித் தரையில் இருக்கின்றன.

இந்த விதிகளின் கட்டுக்கோப்பு கணினி அறிவியலையே ஈர்த்தது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலங்களின் இலக்கணம் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியங்களை விதிகள் உருவாக்குவதுபோல, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கோலக் குடும்பங்களை உருவாக்க முடியும் என்று அதில் காட்டினார்கள். பட மொழிகள் என்ற கணினியியல் துறையின் தொடக்கக்கால வேலைகளில் அதற்கு இடமுண்டு. பள்ளிக்கூடம் போகாத பெண்களும் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த அறிவு அது.

கோலத்தை விளையாட்டு என்று மட்டும் சொன்னால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்கள் ஆவோம். அது பெண்கள்மேல் சுமத்தப்பட்ட அன்றாடக் கடமையும்கூட. போடாவிட்டால் கேள்வி வரும், அவசரத்தில் போட வேண்டியிருக்கும், போட்டதற்குக் கூலி இல்லை. ஆனால் கடமை கேட்டது ஒரு கோலத்தை மட்டும். எந்தக் கோலம், எத்தனை புள்ளி, நேற்றையதில் எதை மாற்றுவது என்பதெல்லாம் அவள் தேர்வு. நண்பகலுக்குள் கால்கள் மிதித்து அழித்துவிடும் என்று தெரிந்தே புதிதாக ஒன்றை முயல்வதில், சிகாகோ மாணவர்கள் படத்தைச் சுவரோரம் சாய்த்ததற்கு இணையான மனம் இருக்கிறது. போடும்போதே அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடுகிறது.

வயல் வேலையிலும் இப்படி ஒரு விளையாட்டு இருந்தது. ஏற்றம் இறைப்பவர்கள் அதிகாலையில் தொடங்கிப் பல மணி நேரம் ஒரே அசைவைத் திரும்பச் செய்ய வேண்டும். மேலே துலாவில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார், கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். ஏற்றப்பாட்டு இரண்டு பேரின் அசைவையும் ஒரு தாளத்தில் கட்டியது, எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கையும் பாட்டிலேயே வைத்துக்கொண்டது. நடவுப் பாட்டு வரிசையாக நின்று குனிந்த பெண்களின் கைகளை ஒரே வேகத்தில் செலுத்தியது, நடுநடுவே பண்ணையாரைக் கேலி செய்யவும் இடம் கொடுத்தது. அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாடினார்கள் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். வாழைப்பழ நேரம் செய்த வேலையைத்தான் அந்தப் பாட்டுகளும் செய்தன. பாட்டு இருந்ததால் அந்த உழைப்பு நியாயமாகிவிடவில்லை. கூலியும் சாதியும் தந்த கொடுமையைப் பாட்டு அழிக்கவில்லை. அந்தக் கொடுமைக்குள்ளும் அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பிடி நிலம் அது.

விதி யார் கையில்

விளையாட்டு எப்படிக் கலைகிறது என்பதை 1973இல் வெளிவந்த ஒரு பரிசோதனை தெளிவாகக் காட்டியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் நர்சரி பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் காட்டிய குழந்தைகளை மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு, சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை வகுப்பில் வைத்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற குழந்தைகள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. பரிசு தீங்கு செய்யவில்லை. 'இது பரிசுக்காகச் செய்வது' என்ற ஒப்பந்தம்தான் வரைதலைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கிப் பெரியவரின் கையில் வைத்தது.

தொழிற்சாலையில் இந்தக் கதை இன்னும் சிக்கலானது. மைக்கேல் புராவோய் என்ற சமூகவியலாளர் 1970களின் நடுவில் சிகாகோவில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் தொழிலாளியாகச் சேர்ந்தார். அது, முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே டொனால்ட் ராய் வேறோர் ஆய்வுக்காக வேலை பார்த்த அதே ஆலை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அங்கே தொழிலாளர்கள் துண்டுவீதக் கூலியை ஒரு விளையாட்டாக ஆடினார்கள். நிர்ணயித்த அளவைத் தாண்டிக் காட்டுவது, ஆனால் நிர்வாகம் அளவையே உயர்த்திவிடும் அளவுக்குத் தாண்டாமல் நிறுத்துவது. அதில் அவர்களுக்குச் சுவையும் பெருமையும் இருந்தன, புராவோயும் அதில் ஆழ்ந்துபோனார். ஆனால் 1979இல் வந்த நூலில் அவர் எழுப்பிய கேள்வி கூர்மையானது. ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டே அதன் விதிகளை எதிர்ப்பது கடினம். ஆடுவதன் வழியாகவே தொழிலாளி சுரண்டலின் விதிகளுக்குச் சம்மதம் தந்துவிடுகிறார் என்றார் அவர்.

இந்த வாதத்தை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டுத்தனத்தைப் புகழும் எவரும் இதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது. இன்று அது இன்னும் அவசரமானது. இத்தனை ஆர்டரை இத்தனை மணிக்குள் முடித்தால் ஊக்கத்தொகை என்று உணவு கொண்டுசெல்லும் இளைஞரின் கைப்பேசியில் ஒரு விளையாட்டு ஓடுகிறது. அதற்கு இலக்கு உண்டு, உடனடிப் பதில் உண்டு. ஆனால் விதி நாளைக்கே மாறலாம். மாற்றுபவர் யார் என்று அவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று ஒதுங்கினால் வருமானம் போகும். ஹாய்சிங்கா சொன்ன முதல் தகுதியே, விருப்பத்தோடு நுழைவது, இங்கே இல்லை.

லயிப்பு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இன்னும் கடுமையான சாட்சி லாஸ் வேகாஸ் சூதாட்ட இயந்திரங்கள். மானுடவியலாளர் நடாஷா டௌ ஷூல் பல ஆண்டுகள் அங்கே ஆய்வு செய்து 2012இல் வெளியிட்ட நூலில், அந்த இயந்திரங்களின் முன் உட்காருபவர்கள் பலரும் வெல்வதற்காக ஆடுவதில்லை என்று எழுதுகிறார். காலமும் உடலும் மறந்த அந்த நிலையில் நீடிப்பதற்காகவே ஆடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் லயிப்புதான். ஆனால் அங்கே திறமை வளர்வதில்லை, சவால் உயர்வதில்லை, நிறுத்த நினைத்தால் முடிவதில்லை. திரும்பிப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் தெரிவதில்லை. கைப்பேசித் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போகும் நமது இரவுகளுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

ஆகவே ஒரு செயலில் நாம் ஆழ்ந்துபோகும்போது மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த விதியில் எனக்குக் கை உண்டா? நினைத்தால் நிறுத்த முடிகிறதா? இதனால் என் திறமையோ என் உறவுகளோ வளர்கின்றனவா? வாழைப்பழம் திருடியவர்கள் மூன்றுக்கும் ஆம் என்பார்கள். சூதாட்ட இயந்திரத்தின் முன் இருப்பவருக்கு ஒன்றுக்கும் ஆம் கிடைக்காது. புராவோயின் தொழிலாளர்கள் நடுவில் நிற்கிறார்கள். விளையாட்டு அவர்களுடையது, ஆனால் மைதானம் அவர்களுடையதில்லை.

கற்றுக்கொள்ள முடியுமா?

விளையாட்டுத்தனம் சிலருக்குப் பிறவியிலேயே வருவது, மற்றவர்களுக்கு வராது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் ரெனே ப்ராயர் குழுவினர் 533 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. பங்கேற்றவர்கள் ஒரு வாரம், இரவு படுக்கப் போகுமுன் சில நிமிடம் எளிய பயிற்சி ஒன்றைச் செய்தார்கள். ஒரு பிரிவினர் அன்று விளையாட்டாக நடந்துகொண்ட மூன்று தருணங்களை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர், வேலையிடம் போன்ற வழக்கமில்லாத இடத்தில் வேண்டுமென்றே விளையாட்டுத்தனத்தைப் புகுத்திப் பார்த்து, அதைப் பற்றி எழுதினார்கள். ஒப்பிடுவதற்காகத் தொடர்பில்லாத பயிற்சி கொடுக்கப்பட்ட பிரிவும் இருந்தது. பயிற்சி செய்தவர்களிடம் விளையாட்டுத்தனம் கூடியது, மனநிறைவிலும் சிறிது காலத்துக்கு ஏற்றம் தெரிந்தது. பலன் சிறியது, நிலையானது என்று சொல்ல முடியாது. ஆனால் இது பயிற்சியில் நெகிழக்கூடிய குணம் என்று சொல்ல அந்த அளவே போதும்.

மேத்யூ கில்லிங்ஸ்வர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வும் இதோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. 2,250 பேரைக் கைப்பேசிச் செயலி வழியாக அவ்வப்போது கேட்டதில், 46.9 சதவீதத் தருணங்களில் மனம் செய்யும் வேலையில் இல்லை. என்ன செய்கிறார்கள் என்பதைவிட, மனம் அதில் இருக்கிறதா என்பதே மகிழ்ச்சியை அதிகம் தீர்மானித்தது. மனம் இனிமையான நினைவுக்குப் போயிருந்தபோதுகூட, செய்யும் வேலையில் இருந்ததைவிட அதிக மகிழ்ச்சி கிடைக்கவில்லை. பாத்திரம் துலக்கும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் மனத்தை அந்த இடத்திலேயே நிறுத்தும் வழியை உபதேசத்தால் பெற முடியாது. மனத்துக்குப் பிடிமானம் வேண்டும். தானே வைத்துக்கொண்ட ஒரு சிறு விதி அந்தப் பிடிமானத்தைத் தருகிறது. இன்று தண்ணீரை முந்தைய நாளைவிடக் குறைவாகச் செலவழிப்பேன், இந்தக் கறிகாயை ஒரே அளவில் நறுக்குவேன், எதிரே வரும் மரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடப்பேன் என்று எதையும் வைத்துக்கொள்ளலாம். நேற்றைக்கு எளிதாகிவிட்டதை இன்றைக்குச் சற்றுக் கடினமாக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இது தனிமனிதர் தமக்குச் செய்துகொள்ளக்கூடியது. ஆனால் இங்கேயே நின்றுவிட்டால், சலிப்பான வேலையைத் தருபவர்கள் தப்பித்துக்கொள்ள நாமே வழி விட்டவர்கள் ஆவோம். ராயின் அறையில் வாழைப்பழ நேரம் முளைத்தது, அந்த அறையைக் கண்காணிக்க யாரும் நிற்காததால். துப்புரவுப் பணியாளர் நோயாளியிடம் பேசியது, ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குக் கேட்கப்படாததால். கழிப்பறைக்குப் போகும் நேரத்தையும் பதிவு செய்யும் கால் சென்டரில், கண்களை எடுக்க விடாத தையல் வரிசையில், மதிப்பெண்ணுக்கு ஒவ்வாத கேள்வியைக் கேட்க விடாத வகுப்பறையில், 'விளையாட்டு மனத்தோடு வேலை செய்யுங்கள்' என்று சொல்வது கொடுமை. அங்கே முதலில் தேவை போதுமான கூலி, அளவான நேரம், வேலையின் வரிசையையும் வேகத்தையும் பற்றிச் செய்பவரே முடிவெடுக்கும் உரிமை. கூட வேலை பார்ப்பவரோடு பேசிச் சிரிக்க ஐந்து நிமிடமும் அந்த உரிமையில் சேரும்.

வேலைத் திறன் என்ற பெயரில் நிறுவனங்களும் பள்ளிகளும் முதலில் வெட்டுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். வேலைக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்து வெட்டுகிறார்கள். மனிதர்களை நாள் முழுக்க அந்த இயந்திரத்தின் முன் நிற்க வைத்தது அதுதான் என்பதை ராயின் கால் கடுத்த அந்த இரண்டு வாரம் சொல்கிறது. ஒரு வேலையை வடிவமைப்பவர்களிடம் ஊதியம், பாதுகாப்பு பற்றிக் கேட்பதோடு இதையும் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்: இதைச் செய்பவர் தானாக முடிவு செய்யக்கூடியது இதில் எவ்வளவு? தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் பள்ளிப் பாடத்திட்டக் கூட்டத்திலும் வீட்டு வேலையைப் பங்கிடும் பேச்சிலும் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் பதிலில்தான் பெரும்பாலான மனிதர்களின் பெரும்பாலான நாட்களின் மகிழ்ச்சி அடங்கியிருக்கிறது.